சோடாவிடம் சொன்னது

கஜபதிக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் என்பாள் பார்வதத்தின் அம்மா. கல்யாணமான புதிதில் பார்வதம் அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. அங்கே காலையில் மணியடித்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இரும்புதான் பேசும். பக்கத்து மிஷின்காரனைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். இளவயதிலிருந்து அப்படிப்பட்ட இடத்தில் நின்றவர், வீட்டுக்கு வந்தாலும் அதே வழக்கத்தில் இருந்தார். உப்பு குறைந்தால் கையை நீட்டுவார். பார்வதம் ஜாடியை நகர்த்துவாள். தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். அவள் சுக்கு அரைப்பாள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டார்கள்.

மகள் வரலட்சுமி வீட்டில் இருந்தவரைக்கும் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவள் ஒருத்தியே மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். எண்பத்தாறாம் வருஷம் அவளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகுதான் கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் இருந்த அந்த இரண்டு அறை வீடு இவ்வளவு பெரியதா என்று பார்வதத்துக்குத் தோன்றியது. அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

அந்த வருஷத்து மழையில் ஒரு சாயங்காலம் கஜபதி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தபோது, வயர் கூடையில் டிபன் கேரியருக்கு மேலே ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பார்வதம் புருவத்தைத் தூக்கினாள். அவர் பின்பக்கம் அடிபம்புக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இவள் சமையலறைக்குள் திரும்பி வாணலியில் கரண்டியை வைத்தபோது ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது.

"சோடாப் பொட்டிக்கு நடுவுல இன்னாடா பண்ணிகினு இருந்த? உங்கம்மா எங்கடா? கடைக்காரன் ஒதைக்க வரான், நீ பாட்டுக்கு அவன் காலயே நக்கற. சூடு சொரணை வேணாமாடா உனக்கு?"

பார்வதத்தின் கை அப்படியே நின்றது. முதலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தால் வேறு யாரும் இல்லை. அவளுடைய புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய துண்டால் குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். ஒரு முழுப் பேச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஸ்டேஷன் ரோட்டு சோடாக் கடையில் நடந்தது முழுவதும் அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. குட்டிக்கு சோடா என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அடிபம்படியில் கச்சேரி நடந்தது. கஜபதி கைகால் கழுவிக்கொண்டு சோடாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். இவள் ஜன்னலுக்கு உள்ளே கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். வேலை முடிந்துவிட்டால் முடிந்த வேலையையே இன்னொரு தரம் செய்வாள். சின்னப்பையன் என்று ஒரு தொழிலாளிக்கு பிரஸ்ஸில் விரல் போன அன்று, இவர் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுததை அங்கே நின்றுதான் கேட்டாள். வலதுகாது சரியாகக் கேட்கவில்லை, வெளியே சொன்னால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தையும் கேட்டாள். அதற்கடுத்த நாளிலிருந்து அவருக்கு இடதுபக்கமாக நின்றுதான் பேசினாள்.

"உங்கம்மா வெக்கற வத்தக் கொயம்பு கீது பாரு, அத்த ஒரு தபா சாப்ட்டா போதும்டா. இப்பல்லாம் எங்க வெக்கறா?" என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் தட்டில் வத்தக்குழம்பைப் பார்த்தவர், அது எப்படி வந்தது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கையை நீட்டித்தான்.

பார்வதத்துக்கு நாய் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒரு நாய் துரத்தி வாய்க்காலில் விழுந்தவள் அவள். ஆனாலும் சோடாவுக்குத் தனித் தட்டு வைத்தாள். அடுத்த வருஷம் ஏரிக்கரையில் சுண்டல்காரன் சிந்திய பட்டாணியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டை நாய், கஜபதியின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்தபோது அதற்கும் ஒரு தட்டு வைத்தாள். பட்டாணி என்று அதற்குப் பெயர். இரண்டும் உள்ளறையில், அவள் பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன.

பார்வதத்துக்கு மழைக்காலத்தில் கொஞ்சம் மூச்சிழுப்பு வருவது உண்டு. பட்டாணி வந்த பிறகு அது மழை, வெயில் பார்க்காமல் வர ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தால் நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குத் தனியாகத்தான் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்கா?"

"ரெண்டு நாய் கீது டாக்டர்."

"உள்ள வருமா?"

"உள்ளதான் படுத்துக்கும்."

"அதான் சங்கதி. நாய் முடி உங்களுக்கு ஆகல. மாத்திரை தர்றேன், ஆனா மொதல்ல அதுங்கள எங்கயாவது அனுப்பிடுங்க. இல்லாட்டி இது விடாது."

மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பார்வதம் நடந்து வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டத்தோடு நின்றபோது யோசித்தாள். சொன்னால் அவர் என்ன செய்வார்? பதில் சொல்ல மாட்டார். தலையை ஆட்டுவார். நாய்களைக் கொண்டுபோய் விட்டுவிடுவார். அதன் பிறகு கையை நீட்டுவார், இவள் உப்பு ஜாடியை நகர்த்துவாள். சாகிறவரைக்கும் அதுதான். ஒருவேளை அப்படி இல்லாமல், நாயை விட மனசு வராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்? அதுவும் அவளால் தாங்க முடியாது. ரயில் போய் கேட் திறந்தபோது, டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாகியிருந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்று கண்ணால் கேட்டார் கஜபதி.

"மாத்திரை குடுத்துகீறாங்க. சரியாப்பூடுமாம்" என்றாள்.

ஸ்டேஷன் சுவரில், பெண்களுக்கு யோகாசன வகுப்பு என்று எழுதியிருந்ததை அவள் பார்த்தது அந்த மாதம்தான். மூச்சுக் கோளாறுக்கு நல்லது என்றும் போட்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாலில் மத்தியான வேளையில் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவள் வசந்தகுமாரி. ஆவடி டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், புருஷனுக்கு அந்த ஃபேக்டரியில் வேலை. பார்வதத்தைவிட வயதில் சிறியவள். முதல் நாளே பார்வதத்தின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்கக்கா. அதும் இருக்கட்டும், இதும் இருக்கட்டும்" என்றாள்.

சேலையோடு காலைத் தூக்க முடியவில்லை. வரலட்சுமி விட்டுப்போன ஒரு சுடிதார் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, விடிகாலையில் பாயை விரித்தாள் பார்வதம். முன்னறையில் கஜபதி எழுந்து தாழ்வாரத்தில் ஷேவ் செய்துகொண்டிருப்பார். உள்ளே இவள் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினால், நேர் எதிரே பட்டாணியின் மூக்கு. மல்லாந்து காலைத் தூக்கினால் சோடா அந்தக் கால்களுக்குக் கீழே புகுந்து படுத்துக்கொள்ளும். கீழே இறக்கவே முடியாது. கடைசியில் கண்ணை மூடிப் பிணம் மாதிரிக் கிடக்க வேண்டும். அதைப் பார்த்தால் சோடாவுக்குப் பயம். முனகிக்கொண்டே வந்து முகத்தை நக்கி எழுப்பிவிடும். வெளியே போடா என்று தள்ளினால் கதவைப் பிறாண்டும். கதவைத் திறந்தால் கஜபதி பார்த்துவிடுவார்.

அப்படியும் ஒருநாள் பார்த்துவிட்டார். கதவை நாய் முட்டித் திறந்துவிட்டது. கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் நின்றார். இவள் ஆகாய நீல சுடிதாரில் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் முள்ளில் நிற்கிற மாதிரி நின்றாள்.

"டேய் சோடா, பாத்தியாடா உங்கம்மாவ? காலேஜுக்குப் போறாடா. நாளைக்கு சைக்கிள் கேப்பா, வாங்கிக் குடுக்கணும். நல்லாத்தான்டா கீறா. கல்யாணத்தப்போ கீற மாதிரியே கீறா."

பார்வதம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகம் சூடானது அடுப்பினால் இல்லை.

அந்த வெயில்காலம் நன்றாகத்தான் போயிற்று. மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட அவளுக்கு வந்துவிட்டது. இழுப்பு வருமென்று தெரிந்தால் பதறாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வசந்தகுமாரி சொல்லிக் கொடுத்தபடி மூச்சை நீட்டி விடுவாள். அது பல நேரம் அடங்கிவிடும். டாக்டரம்மா சொன்னதை ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள். வசந்தகுமாரியிடம் மட்டும் ஒருநாள் நாய்களைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இது தப்பு" என்றாள் அவள். "ஒரு பக்கம் ஓட்டையப் போட்டுக்கிட்டு மறுபக்கம் தண்ணி எறைக்கிறீங்க. அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

"சொல்லணும் டீச்சர்" என்றாள் பார்வதம். சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி நிரம்பித் தெருவில் கணுக்கால் தண்ணீர். நனைந்த நாய்கள் இரண்டும் உள்ளேயே அடைந்து கிடந்து உதறிக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவளுக்கு மூச்சு நின்றுபோன மாதிரி ஆயிற்று. உட்கார்ந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். கற்றுக்கொண்டது எதுவும் பிடிகொடுக்கவில்லை. இழுக்கக் காற்றே இல்லை. உதடு நீலம் பாரித்தது. கஜபதி அவளை அப்படியே தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினார். மெயின்ரோட்டில் எதிரே வந்த ஆட்டோவை மறித்து, "ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!" என்று கத்தினார். அந்தக் கத்தலைத்தான் பார்வதம் நினைவு மங்குகிற நேரத்தில் கேட்டாள். இவருக்கு இவ்வளவு பெரிய குரலா என்று ஆச்சரியப்பட்டாள்.

ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, இரண்டாம் நாள் அவள் உட்கார்ந்தபோது அங்கேயும் ஒரு டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில் நாய் உண்டா? கஜபதி தலையாட்டினார். "இவங்ககிட்ட யாரும் சொல்லலியா, நாய் கூடாதுன்னு?" என்றார் டாக்டர். பார்வதத்துக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"சொன்னாங்க. போன வருசமே சொன்னாங்க" என்றாள்.

கஜபதி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரியவில்லை. கோபமா, துக்கமா, எதுவென்று பிடிபடவில்லை. வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், சோடாவையும் பட்டாணியையும் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு அவர் வெளியே போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பிவந்தார்.

"எங்க?" என்றாள் பார்வதம்.

"வேப்பம்பட்டு" என்றார். அங்கே அவருடைய அக்கா கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் நிலமும் ஆடுமாடுகளும் இருந்தன.

பிறகு அவர் உள்ளறையைப் பெருக்கினார். மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணி போட்டுத் துடைத்தார். பாயை வெயிலில் உலர்த்தினார், நாய்கள் படுத்த கோணிகளைக் கொளுத்தினார். அதையெல்லாம் அவர் செய்து அவள் பார்த்ததே இல்லை. வாயை மட்டும் திறக்கவில்லை.

மூச்சு நன்றாக வந்தது, அதை மறைத்துப் பயனில்லை. விடிகாலையில் பாயை விரித்தால் குறுக்கே வர யாரும் இல்லை. காலைத் தூக்கினால் கால் மட்டுமே மேலே போனது. கண்ணை மூடிக் கிடந்தால், யாரும் எழுப்பாமல் நேரம் போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவளை நிறுத்தி, "அக்காவைப் பாருங்க, எவ்வளவு நிதானமா மூச்சு விடுறாங்க" என்றாள் வசந்தகுமாரி. பார்வதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடிபம்படியில் இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவர் முகம் கழுவுவார், துண்டை உதறுவார், உள்ளே வருவார். ஜன்னலடியில் நின்று நின்று பழகிய கால் அவளை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது. ஒருநாள் துணிந்து அவருக்கு இடதுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"கம்பெனியில இன்னிக்கு இன்னா?"

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, இன்னா நடந்துச்சுன்னு கேட்டேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று கிளம்பிப் போக ஆரம்பித்தார். தையிலும் அது தொடர்ந்தது. பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, அவர் போன சிறிது நேரத்துக்கெல்லாம் பார்வதம் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நாய்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது, அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை. ரயில் ஆவடியைத் தாண்டி, திருநின்றவூரைத் தாண்டிப் போயிற்று. வேப்பம்பட்டில் இறங்கி, வயல் வரப்பு வழியாக நடந்து கெங்கம்மாள் வீட்டுப் படலைத் திறந்தாள். மாட்டுக்குத் தீனி கலந்துகொண்டிருந்த கெங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"வா பார்வதம். இன்னிக்குத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா? அவன் வாராவாரம் ஒத்தையில வந்துகினு கீறான், நீ எங்கடான்னா ஒடம்பு சரியில்லன்றான்."

"யாரு அண்ணி?"

"யாரா? கஜாதான். போ, கெணத்தாண்ட கீறான்."

பார்வதம் கிணற்றுப் பக்கம் திரும்புவதற்குள் சோடா வாசனை பிடித்துவிட்டது. நாலுகால் பாய்ச்சலில் வந்து நெஞ்சுமேல் காலைப் போட்டு அவளைத் தள்ளியே விட்டது. பின்னால் கஜபதி ஓடிவந்தார். "எறங்குடா! அவளுக்கு ஆவாதுடா! முடி ஆவாது!" என்று அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே அவளைப் பார்த்துவிட்டு, ஓவர்டைம் என்ற பொய் வெளிப்பட்ட முகத்தோடு நின்றார்.

பார்வதம் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். நடந்து வந்ததில் மூச்சு கொஞ்சம் வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"இத்த ஊட்டுக்குக் கூட்டிகினு போயிரலாம்."

"பைத்தியமா உனக்கு?"

"நாய் இல்லாட்டி நீங்க பேச மாட்டேன்றீங்க."

அவர் விழித்தார்.

"பம்படியில நீங்க பேசறதத்தான் ரெண்டு வருசமா கேட்டுகினு இருந்தேன். ஜன்னலாண்ட நின்னுகினு. சின்னப்பையன் வெரல் போனது, உங்க காது, வத்தக் கொயம்பு எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். டாக்டரு சொன்னத உங்ககிட்ட சொல்லிட்டா, நாய் போயிரும், அதோட உங்க பேச்சும் போயிரும்னுதான் சொல்லல. மூச்ச நானே பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

கஜபதி சோடாவின் கழுத்தை விட்டார். சோடா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்துதான் வந்தது, போகப்போக ஏறியது.

"அப்ப நான் யாருமே உனக்கு? நாய்க்காக உன்ன சாவ உடுவேன்னு நெனச்சுகினு இருந்தியா நீ? ஆஸ்பத்திரில அந்த டாக்டரு முன்னாடி, போன வருசமே தெரியும்ன்ற. எனக்கு எப்படி இருந்திருக்கும்? தெனம் உன் பாயாண்ட அதுங்கள படுக்க வெச்சவன் நான். என் கையால உனக்கு வெசம் வெச்ச மாதிரி ஆயிடுச்சே. நீ பூட்டிருந்தா? சொல்லுமே, நீ பூட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? நாய்கிட்ட சொல்லிகினு உக்காந்திருப்பனா?"

மாட்டுக் கொட்டகையில் கெங்கம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி இவ்வளவு பேசி அவள் கேட்டது அவர்களுடைய அப்பா செத்த அன்றுகூட இல்லை.

பார்வதத்துக்கு அந்த மாதிரி ஒரு எண்ணமே வந்ததில்லை. தான் பொறுத்துக்கொள்வது புருஷனுக்காகச் செய்கிற நல்லது என்றுதான் எண்ணியிருந்தாள். அதற்கு உள்ளே இப்படி ஒரு பழி இருந்தது இப்போதுதான் உறைத்தது. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று அவரைக் கேட்காமலே அவள் முடிவு செய்திருக்கிறாள். அவர் கையை நீட்டும்போது உப்பா, தண்ணீரா என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, அவர் மனசையும் அப்படியே தெரியும் என்று இருந்துவிட்டாள்.

"தப்புதான்" என்றாள். "உங்கள கேட்டிருக்கணும்."

"நானும் உங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் அவர். பிறகு எரிச்சலோடு, "எனக்கு வரலமே. வாயில வந்து நின்னுக்கும். நாய் மொகத்தப் பாத்தா வருது, உம் மொகத்தப் பாத்தா வரல. இன்னா சொல்லிடுவியோன்னு கீது" என்றார்.

"நான் இன்னா சொல்லிடப் போறேன்?"

"அதான் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கெங்கம்மாள்தான் தீர்ப்புச் சொன்னாள். பட்டாணிக்கு ஆடுகளோடு சுற்றுவது பிடித்துப்போயிற்று. அது இங்கேயே இருக்கட்டும். சோடா சரியாகத் தின்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக் கிடக்கிறது. அதை அழைத்துப் போகலாம், ஆனால் படியைத் தாண்டி உள்ளே விடக்கூடாது. பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டுக் கட்டு என்று தம்பிக்குக் கட்டளை போட்டாள். பட்டாணியோ வரப்பில் ஒரு ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தது. பார்வதம் கூப்பிட்டதற்கு ஒரு தரம் வந்து கையை முகர்ந்துவிட்டுத் திரும்பி ஓடிவிட்டது. அவளுக்கு அது கொஞ்சம் வலித்தது.

சாயங்கால ரயிலில் கூடைக்காரர்கள் ஏறுகிற பெட்டியில், வெண்டைக்காய் மூட்டைகளுக்கும் பால் கேன்களுக்கும் இடையில் சோடாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். "நாய வண்டில ஏத்திகினு வரீங்களே, கடிச்சிடப் போவுது" என்று ஒரு கீரைக்காரி சண்டைக்கு வந்தாள். "அது யாரையும் கடிக்காது தாயி, நக்கும்" என்றார் கஜபதி. பார்வதம் ஜன்னல் பக்கம் காற்றுப் படும்படி தள்ளி நின்றாள். அண்ணனூர் தாண்டியதும் அவர் சோடாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். காதுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், ஒத்தையில் போகப் பயமாக இருக்கிறது என்றார். கண் நாயின் மேல் இருந்தது. ஆனால் பேச்சில் 'டேய்' இல்லை. "நான் வரேன்" என்றாள் பார்வதம்.

டிஸ்பென்சரி டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அனுப்பிட்டு மறுபடியும் கூட்டிட்டு வந்தவங்கள நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள். பிறகு மனம் இளகி, நாயை அவர்தான் குளிப்பாட்ட வேண்டும், அதற்குப் பிறகு அவரும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், இழுப்பு கூடினால் மறுபேச்சில்லாமல் நாய் வேப்பம்பட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். கஜபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வாயத் தொறந்து சொல்லுங்க" என்று பார்வதம் இடித்தாள். "சரிங்கம்மா" என்றார்.

இழுப்பு முழுசாக விட்டுவிடவில்லை. அடுத்த ஐப்பசியிலும் வந்தது, அதற்கடுத்த ஐப்பசியிலும் வந்தது. ஆனால் ஆட்டோவை மறிக்கிற அளவுக்கு வரவில்லை. விடிகாலையில் உள்ளறையில் பார்வதத்தின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விழுந்தது. கஜபதிக்குக் குனிந்தால் முட்டிவரைக்கும்தான் கை எட்டும். கண்ணை மூடிப் படுக்கச் சொன்னால் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விடுவார். "மூச்ச உடச் சொன்னா கொறட்டை உடறீங்க" என்பாள். "ரெண்டும் மூச்சுதான்" என்பார்.

பேசப் பழகியவர் அதோடு நிற்கவில்லை. சாம்பாரில் புளி தூக்கல் என்றார். உன் தம்பி ஊதாரி என்றார். வரலட்சுமிக்குச் சீர் செய்வதில் நீ யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய் என்று ஒரு வாரம் சண்டை போட்டார். நாயிடம் சொன்ன நாளில் காலேஜ் பெண் மாதிரி இருந்தவள், இப்போது நேருக்கு நேர் சுடிதாரில் வந்தால் "இந்தக் கலர் எடுக்கல" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்படுவதை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று இந்த வீட்டுக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது வசந்தகுமாரி கேட்டாள்.

"அண்ணன் இப்ப நல்லாப் பேசுறாங்களாமே?"

"அய்யோ, அத்த கேக்காதீங்க டீச்சர்" என்றாள் பார்வதம். "வாய மூடவே மாட்டேன்றாரு."

சொல்லிவிட்டு, அவர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.